மழையில் நின்ற வண்டியும் நான் சுற்றிய ரப்பரும்

மகனே, உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உடம்பு சுகம், சாப்பாடு பரவாயில்லை, சிகாமட்டில் ஆற்றுத் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது என்றெல்லாம் எழுதிவிட்டு, ஒன்பதாவது வரியில்தான் விஷயத்துக்கு வந்தாய். ஆஸ்பத்திரியில் கொடுத்த மோட்டார் சைக்கிள் மழை பெய்தால் நின்றுவிடுகிறது, போன வாரம் மருந்துப் பெட்டியோடு அதை ஏழு மைல் தள்ளிக்கொண்டு போனேன், ஐந்து ரப்பர் தோட்டத்துக்கும் மருந்து போட ஒரே டிரெசர் என்று என்னை நம்பி அனுப்பியிருக்கிறார்கள், மாதக் கடைசியில் பெரிய டாக்டர் பார்க்க வரும்போதும் வண்டி இப்படியே இருந்தால் வேறு ஆளைப் போட்டுவிட்டு என்னை மருந்து கலக்கும் மேசைக்கே திருப்பி அனுப்பிவிடுவாராம் என்று எழுதியிருக்கிறாய். அதற்கும் கீழே, கடைசியில், பொடி எழுத்தில் ஒன்று எழுதியிருக்கிறாய். "ஸ்டேஷன் பக்கத்தில் மாணிக்கம் என்பவர் கடை வைத்திருக்கிறார். அவர் கை பட்டால் வண்டி சரியாகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர் யார் என்று எனக்குத் தெரியும். உங்கள் சொல்லை மீறி நான் அங்கே போகவில்லை அம்மா." அந்த வரியை உன் அக்காள் பிள்ளைகள் எதிரில் படிக்க முடியாமல் கொல்லைப் பக்கம் எடுத்துப் போய்ப் படித்தேன். இந்தப் பதில் நீளமாக இருக்கும். ஒரே இருப்பில் படி. பாதியில் எழுந்து போகாதே.

முதலில் வண்டியைப் பேசுவோம். அம்மாவுக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும் என்று நீ சிரிப்பாய். நான் படித்தது மூன்று வகுப்பு. ஆனால் கண்ணால் பார்த்ததை நான் விடுகிறவள் இல்லை. நீ மூன்று வயதுப் பிள்ளையாக இருந்தபோது உன் அப்பாவிடம் தோட்டத்து மேனேஜர் துரை தன்னுடைய பழைய மோட்டார் சைக்கிளைக் கொடுத்து, தினமும் ரெங்கம் ஸ்டேஷனுக்குத் தபால் கொண்டுபோய் வரச் சொல்லியிருந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த மனிதர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மோட்டாரில் ஏறினார். அந்த ஒரு வருஷமும் சாயங்காலமானால் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து வாசலில் வண்டியைப் பிரித்துத் துடைப்பதுதான் வேலை. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் என் தம்பி மாணிக்கம். அவன் அப்போது எங்கள் தோட்டத்து எஞ்சின் கொட்டகையில் இருந்தான். மோட்டாரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மாட்டத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

நீ எழுதியிருக்கிறாய், விளக்கு நன்றாக எரிகிறது, அதனால் கரண்டில் கோளாறு இல்லை என்று. அது தப்பு. விளக்குக்கு வேறு வழி, எஞ்சினுக்கு வேறு வழி. இங்கே தோட்ட வேலையை மேற்பார்க்கிற இப்போதைய கண்டக்டருடைய புது வண்டியில் பேட்டரியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு எஞ்சினை ஓட்டிக் காட்டியதை நான் போன வருஷம்தான் நின்று பார்த்தேன். விளக்கை எரிப்பது பேட்டரி. பெட்ரோலைக் கொளுத்துகிற பொறியைத் தருவது மேக்னெட்டோ என்கிற உருண்டைப் பெட்டி. அது தானே சுற்றித் தானே பொறியை உண்டாக்கி, தடித்த வயர் வழியாக பிளக்குக்கு அனுப்புகிறது. ஆக, பிளக் சுத்தம், வயர் புதுசு என்று நீ எழுதியிருந்தாலும், பார்க்கவேண்டியது மூன்றே இடம். பிளக், வயர், பெட்டி. பார்க்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொட வேண்டும். இரண்டைச் சேர்த்துக் கழற்றி மாட்டினால் வண்டி ஓடும், ஆனால் எதனால் ஓடியது என்று உனக்குத் தெரியாது. அடுத்த மழையில் மறுபடியும் தள்ளுவாய்.

பிளக்கைக் கழற்றி, வயரை அதிலேயே மாட்டிவைத்து, அதன் இரும்பு உடம்பு எஞ்சின் மேல் படும்படி படுக்க வை. உன் நிழல் அதன்மேல் விழும்படி குனிந்துகொள், வெயிலில் பொறி தெரியாது. பிறகு காலால் உதைத்துப் பார். நீலமாக, சடக்கென்று சத்தத்தோடு குதித்தால் நல்லது. சிவந்து மெலிந்து வந்தால் சீக்கு. ஒன்றுமே வராவிட்டால் உடனே பெட்டியைக் குறை சொல்லாதே, பிளக்கின் மூக்கைப் பார். எண்ணெய்க் கரி அடைத்திருக்கும். கத்தி முனையால் மெல்லச் சுரண்டி, பெட்ரோலில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டு. இரண்டு முனைக்கும் நடுவில் கட்டைவிரல் நகத்தின் கனம் இடைவெளி இருக்க வேண்டும். கழுவிய பெட்ரோலையும் துணியையும் தூரமாக வைத்துவிட்டுத்தான் பொறி பார்க்க வேண்டும். உன் அப்பா ஒருநாள் அந்தத் துணியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உதைத்தார். குப்பென்று பிடித்தது. நான் ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தேன். அவருக்கு இரண்டு புருவமும் போய்விட்டன. பத்து நாள் துரை அவரைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

பிளக்கைச் சுத்தம் செய்தும் பொறி இல்லையென்றால் வயருக்கு வா. வயரை பிளக்கிலிருந்து கழற்றி, காய்ந்த துணியைக் கனமாகச் சுற்றிப் பிடித்து, அதன் நுனியை எஞ்சினுக்கு ஓர் அரிசிக் கனம் தள்ளி வைத்துக்கொள். வேறொருவர் உதைக்கட்டும். பொறி தாண்டினால் பெட்டியும் வயரும் நன்றாக இருக்கின்றன, குற்றம் பிளக்கில். வெறுங்கையால் பிடிக்காதே. நான் பிடித்தேன். பிடித்த வேகத்தில் வாசலிலிருந்து எதிர் வீட்டுக் கோழிக்கூடு வரைக்கும் போய் விழுந்தேன். மாணிக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அக்கா, துரை வீட்டு நாய்கூட இப்படிப் பாயாது! மாமா, நாளைக்கி வண்டி வேணாம். அக்காவையே ஸ்டேஷனுக்கு அனுப்புங்க, தபால் சீக்கிரம் போய்ச் சேந்துரும்."

"டேய், சாப்பாட்டுக்கு இங்கதானே வருவ? வா, வச்சிருக்கேன்" என்றேன்.

"மாணிக்கம், சிரிக்காதடா, எனக்குஞ் சேத்து இன்னிக்கிப் பட்டினி போட்டுருவா" என்றார் உன் அப்பா.

அப்படி இருந்தோம். இதை உனக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவனைப் பற்றி நான் உனக்குச் சொன்னதெல்லாம் ஒன்றே ஒன்று. உன் அப்பாவின் பிழைப்பைக் கெடுத்தவன், அவன் வாசலை நீ மிதிக்கக்கூடாது. அதை எத்தனை தடவை சொன்னேன் என்று உனக்கே தெரியும். இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டது. பாலத்தடியில் தண்ணீர் ஏறி, உன் அப்பா வண்டியை அதில் விட்டு, பெட்டிக்குள் ஈரம் போய்விட்டது. மாணிக்கம் அதைக் கழற்றினான். ரப்பர் ஷீட் காய்கிற புகைவீட்டில் தொங்கவிட்டால் சீக்கிரம் காயும் என்று நான்தான் சொன்னேன். "வேணாங்க்கா, உள்ள சுத்தியிருக்கிற கம்பிக்கு அரக்குப் பூசியிருக்கு. அந்தச் சூட்டுல உருகிரும்" என்று சொல்லி, வெயில் வந்த நேரமெல்லாம் தகரத்தின் மேல் வைத்து மூன்று நாள் பொறுமையாகக் காயவைத்தான். அவன் மாட்டியதும் வண்டி முதல் உதையிலேயே பிடித்தது. அன்று சாயங்காலம் நான் வண்டியைத் துடைத்தபோது தடித்த வயரின் தோல் ஒரு சாண் நீளத்துக்கு வெடித்திருப்பதைப் பார்த்தேன். வெளியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு ஆம்பிளைகளும் பார்க்காததை நான் பார்த்துவிட்டேன் என்று ஒரு கர்வம். நான் ஷீட் கொட்டகையில் வேலை செய்கிறவள். பாலை உறையவைத்து, மிஷினில் விட்டு ஷீட் ஆக்குவது என் கை. ரப்பரைப் பற்றி எனக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்று நினைத்தேன். புகை போட்ட ஷீட் விறைப்பாக இருக்கும், வயரில் படியாது. அதனால் மிஷினிலிருந்து அப்போதுதான் இறங்கிய வெள்ளை ஷீட்டில் விரல் அகலத்துக்கு ஒரு நாடா வெட்டிக்கொண்டு வந்து, ஒரு சுற்றின்மேல் பாதி ஏறும்படி அடுத்த சுற்றாக, பின்னல் போட்ட மாதிரி சுற்றினேன். நூலால் முடிச்சும் போட்டேன். பார்க்க அழகாக இருந்தது.

இரண்டு நாள் வெயில். வண்டி ஓடியது. மூன்றாம் நாள் துரையின் அவசரக் கடிதம் ஒன்று ரயிலைப் பிடிக்க வேண்டும். உன் அப்பா புறப்பட்டார், வழியில் மழை பிடித்தது, செம்மண் மேட்டில் வண்டி நின்றது. உதைத்தார், தள்ளினார், ஓடினார். ரயில் போய்விட்டது. மறுநாள் காலையில் நாங்கள் வண்டியோடு நின்ற எஞ்சின் கொட்டகைக்குத் துரை வந்தார். கண்டக்டர் பின்னாலேயே வந்து, எல்லோர் காதிலும் விழும்படி, உன் அப்பாவைப் பார்த்து, "கத்தி புடிக்கிற கைக்கி எதுக்குடா மோட்டாரு?" என்றான். அந்தக் கண்டக்டர் செத்து இத்தனை வருஷமாகியும் அந்தச் சொல்லுக்காக அவனை நான் மன்னிக்கவில்லை, இனியும் மாட்டேன்.

மாணிக்கம் அதற்குள் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை வயரில் வந்து நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா, இந்தச் சுத்து யாரு சுத்துனது?"

நான் துரை நின்ற பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இதை அவுத்துப் பாக்கணும்க்கா. எனக்கு இங்கதான் சந்தேகமா இருக்கு."

"தொடாதடா! நீ தொட்டது போதும். நல்லா இருந்த பொட்டிய மூணு நாளு பிரிச்சுப் போட்டுக் கெடுத்தவன் நீ. இப்ப வயரு மேல பழி போடுறியா?"

அப்படிக் கேட்டேன். அந்த நேரத்தில் அது உண்மை என்றே நம்பினேன், அதுவரைக்கும் என்மேல் குற்றமில்லை. துரை, "இதை யார் கைவைத்துப் பிரித்தது?" என்று கேட்டார். மாணிக்கம் வயரை விட்டுவிட்டு எழுந்து நின்றான். "நான்தாங்க தொரை. எல்லாம் நான் பாத்ததுதான்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். உன் அப்பாவிடமிருந்து வண்டியைப் பிடுங்கிக் கண்டக்டரின் மச்சானுக்குக் கொடுத்தார்கள். இவர் மறுபடி மரத்துக்குப் போனார். மாணிக்கத்தை எஞ்சின் கொட்டகையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அன்று மத்தியானம் அவன் சாப்பிட வந்தபோது, லயத்து ஜனமெல்லாம் பார்க்க, அவன் சாப்பிடுகிற கோப்பையை வாசலில் விட்டெறிந்தேன். "எனக்குக் கூடப்பிறந்தவன் இல்லை, செத்துப்போயிட்டான்" என்றேன். அவன் கோப்பையைக் குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டி, வாசற்படியில் வைத்துவிட்டுப் போனான். அந்த வாரமே பெண்டாட்டியோடு சிகாமட்டுக்குப் போய்விட்டான்.

பதினைந்து நாள் கழித்து சிங்கப்பூரிலிருந்து புது வயர் வந்தது. வயரை மட்டும் மாற்றினார்கள். பெட்டியை ஒருவரும் திறக்கவில்லை, மாணிக்கம் காயவைத்து மாட்டிய அதே பெட்டி. அன்று கொட்டுகிற மழையில் கண்டக்டரின் மச்சான் ஒரு தடவைகூட நிற்காமல் ஸ்டேஷனுக்குப் போய் வந்தான். நான் எஞ்சின் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் புல்லில் தேடினேன். பழைய வயர் கிடந்தது. என் முடிச்சை நானே அவிழ்த்தேன். ரப்பர் உள்பக்கம் இன்னும் வெள்ளையாக, ஈரமாக இருந்தது. பால் உறைய ஊற்றுகிற ஆசிட்டின் புளிச்ச வாடை வந்தது. வெடிப்பு வழியாகத் தெரிந்த செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. புகையில் காயாத ஷீட்டுக்குள் தண்ணீரும் ஆசிட்டும் நிற்கும் என்பது ஷீட் கொட்டகையில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா? மழை ஈரமும் சேர்ந்ததும் பொறி பிளக்குக்குப் போகாமல் அந்த ஈரத்தின் வழியாகவே இரும்பில் இறங்கிவிட்டது. அழகாக இருக்கிறது என்று சுற்றிவிட்டு வந்தேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். அன்றிலிருந்து பதினெட்டு வருஷம், ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கலாம். கோப்பையை எறிந்த கை என்னுடையது, பார்த்த ஜனம் அத்தனையும் பக்கத்து வீட்டில் இருக்கிறது. இன்றைக்குச் சொன்னால் நாளைக்குத் தண்ணீர்க் குழாயடியில் என்ன முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன் என்று நினைத்தேன். நினைத்து நினைத்து அந்தக் கோபத்தையே வளர்த்தேன். அந்தக் கோபம் எனக்குச் சௌகரியமாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து உனக்குக் காது குத்தினோம். மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் இருந்தும் எதிர் வீட்டுக்காரர் மடியில் உன்னை உட்காரவைத்தேன். நீ அவர் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு "மாமா எங்க" என்று கேட்டாய். உனக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. உன் அப்பா சாகிறதற்கு முந்தின வருஷம், "மாணிக்கத்துக்கு ஒரு கடுதாசி போடுவமா?" என்று மெல்லக் கேட்டார். "அந்தப் பேரை இந்த வீட்டுல எடுக்காதீங்க" என்றேன். அவர் சொம்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். உண்மை தெரியாமலே போய்ச் சேர்ந்தார். அதை இனி நான் சரிசெய்ய முடியாது.

ஆனால் உன் வண்டியைச் சரிசெய்யலாம். வயர் வரைக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டேன். மர நிழலில் எஞ்சினை ஓடவிட்டு, வயரின்மேல் நீலமாக எறும்பு ஊர்கிற மாதிரி பொறி ஓடுகிறதா பார். ஓடினால் புது வயர் போடு. எதையும் சுற்றாதே. எந்த ரப்பரையும் சுற்றாதே. ஆனால் நீ எழுதியதைப் பார்த்தால், ஈரத்தில் சாகிறது, ஒரு மணி நேரம் வெயிலில் நின்றால் தானே பிழைக்கிறது, பிளக்கும் சுத்தம், வயரும் புதுசு என்கிறாய். அப்படியானால் கோளாறு பெட்டிக்குள். அதற்குள் கரண்டை வெட்டிப் பொறியை உண்டாக்குகிற சின்னக் கை ஒன்று இருக்கிறது. அது ஒரு கட்டையில் உட்கார்ந்து மேலும் கீழும் ஆடும். மழைக்காலத்தில் கதவு உப்பி நிலையில் சிக்குகிற மாதிரி அந்தக் கட்டையும் ஈரத்தில் உப்பி, கையை ஆடவிடாமல் பிடித்துக்கொள்ளும் என்று மாணிக்கம் ஒரு தடவை சொல்லக் கேட்டிருக்கிறேன். எவ்வளவு தேய்த்தால் போதும், எதைத் தொடக்கூடாது என்பது எனக்குத் தெரியாது. கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டால் வெயிலிலும் நின்றுபோகும். அது அவன் ஒருவன் கைவேலை. நீ திறக்காதே.

அதனால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அவன் கடைக்குப் போ. நான் வைத்த தடையை நானே எடுக்கிறேன். யாராவது ஏன் என்று கேட்டால் என் அம்மா சொன்னாள் என்று சொல். மூன்று வயதில் பார்த்த பிள்ளையை அவனுக்கு அடையாளம் தெரியாது. பெயரைச் சொன்னால் தெரியும். அவன் கடை வாசலில் நின்று வண்டியைப் பற்றி முதலில் பேசாதே. இந்தக் கடிதத்தை அவன் எதிரில் படி. ஒரு வரியையும் விடாதே, கோப்பை விஷயத்தையும் விடாதே. அவன் நடுவில் போதும் என்பான், நிறுத்தாதே. என்னைத் திட்டினால் திட்டி முடிக்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு கேள், என் பக்கம் பேசப் போகாதே. திட்டாமல் சும்மா இருந்தானானால் அதுதான் எனக்குக் கஷ்டம், அதையும் அப்படியே எனக்கு எழுது. மாதக் கடைசிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. அவன் மனசு வைத்தால் அரை நாள் வேலை. மனசு வைக்காவிட்டால் நீ மேசைக்குத் திரும்புவாய். அதற்கு நீயோ உன் வண்டியோ காரணமில்லை, நான்தான் காரணம். அப்படி நடந்தால் நானே ரயிலேறி வந்து அவன் வாசலில் நிற்பேன். ஆனால் எனக்கு அவனைத் தெரியும். அன்று துரைக்கு முன்னால் அந்தச் சுற்றைக் காட்டியிருந்தால் அவன் வேலை போயிருக்காது. காட்டாதவன் இவன்.

கடிதத்தோடு ஒரு பொட்டலமும் வரும். பழைய துணியில் கட்டியிருக்கிறேன். அதைப் பிரிக்காமல் அவன் கையிலேயே கொடு. ஒரு சாண் வயரும், ஒரு நாடா ரப்பரும், ஒரு நூல் முடிச்சும் இருக்கும். ரப்பர் கறுத்து இறுகிவிட்டது, ஆனாலும் என் சுற்றை அவனுக்குத் தெரியும். அவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்று அன்று அவன் கேட்டது இதைத்தான். அக்கா கொடுத்திருக்கிறாள், இப்போது பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்று சொல்.

உன் அம்மா